நாக்கில் ஒட்டாத எலும்பு

ஐந்து எலும்புகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஐந்துக்கும் வயசு வந்துவிட்டது. நாலு எலும்புகள் ஒழுங்காக நடந்துகொண்டன. ஐந்தாவது மட்டும் கழுத்தை அறுத்தது.

ஏரிக்கரையில் அவர்கள் தோண்டிக்கொண்டிருந்தது பழைய குடியிருப்பு. எழுத்து என்ற ஒன்று உலகத்தில் எங்கேயாவது இருந்ததா என்றே தெரியாத காலத்து ஜனங்கள் அங்கே ஒரு வீடு கட்டி, அது இடிந்து மண் மூடியபின் அதன் மேலேயே இன்னொரு வீடு கட்டியிருந்தார்கள். கீழ் வீடு மூத்தது, மேல் வீடு இளையது. இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் எதுவும் வேண்டாம். ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த மின்னஞ்சலோ கீழ் வீட்டுத் தரையில் கிடந்த மாட்டெலும்புக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் என்றும், மேல் வீட்டுத் தரையில் கிடந்த மாட்டெலும்புக்கு ஐயாயிரத்து நானூற்றைம்பது வருஷம் என்றும் கூசாமல் சொன்னது. பேரன் தாத்தாவைவிட ஐநூற்றைம்பது வருஷம் மூத்தவனாம்.

அகழாய்வின் டைரக்டருக்கு முப்பத்தெட்டு வயசு. யார்மேலும் எரிந்து விழாதவர். அதனாலேயே அவர் குரலைத் தாழ்த்திப் பேசினால் மற்றவர்களுக்கு உதறல் எடுக்கும். தளத்து ஓரமாக நின்ற தகர அலுவலகத்துக்குள், சேறு காய்ந்த பூட்ஸ்களைத் தாண்டி வந்து, குழியண்ணனின் மேஜைமேல் லேப்டாப்பை வைத்தார்.

"அண்ணே, இந்த ரெண்டு பையும் ஒரே நாள்ல கட்டினது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அந்த மழை நாள். லேபிள் எழுதினது நீங்க. மாறிப்போயிருக்க வாய்ப்பு இருக்கா?"

"வாய்ப்பே இல்ல மேடம்" என்றார் குழியண்ணன். அவர் சொன்ன வேகம் அவருக்கே சந்தேகமாக இருந்தது.

குழியண்ணன் என்பது இருபத்தெட்டு வருஷம் குழிகளை மேற்பார்வை பார்த்ததற்குக் கிடைத்த பட்டம். எந்த மண் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுவார். எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதிவேட்டைப் பார்க்காமலே சொல்வார். அப்படிப்பட்டவர் அன்று சாயங்காலம் எல்லாரும் போனபின் அந்த நாளின் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். கையெழுத்து அவருடையதுதான். மழைத்துளி விழுந்து ரெண்டு இடத்தில் மை கரைந்திருந்தது. ஆனால் அதை எழுதியது நினைவில் இல்லை. மழையாவது கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. பை, லேபிள், எலும்பு என்று எதுவுமே வரவில்லை. அதே பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பை மாறினால் என்ன குடியா முழுகிவிடும்? அறிக்கையில் ஒரு வரி சேர்ப்பார்கள், வேலை நடக்கும். குழியண்ணனின் பயம் பையைப் பற்றியது அல்ல. அவருடைய அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயசில் மறதி ஆரம்பித்தது. முதலில் குழாயை மூட மறந்தார், பிறகு வீட்டுக்கு வரும் வழியை. கடைசி மூன்று வருஷம் மகனைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு, "ஸ்கூலுக்குப் போகலையாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். குழியண்ணனுக்கு அடுத்த மாசம் ஐம்பத்தெட்டு முடிகிறது.

அதுவரை அவ்வப்போது மூக்குக்கண்ணாடியைத் தேடியிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் பேரைக் கோட்டைவிட்டிருக்கிறார். யார்தான் செய்வதில்லை? ஆனால் மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு மறதியும் சாட்சி சொல்ல வந்து நின்றது. வீட்டில் அதை மறைக்க அவர் படாத பாடு பட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய மனைவி, துணி காயப்போடும் கிளிப் வாங்கிவரச் சொன்னால், வெறுங்கையோடு வந்து "கடை மூடியிருந்துச்சு" என்பார். கேஸ்காரனுக்குப் போன் செய்யச் சொன்னால் "லைனே கிடைக்கல" என்பார். மனைவி ஒரு பார்வை பார்ப்பார். தப்பித்தோம் என்று இவர் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

இரண்டு வாரம் இப்படி மென்று விழுங்கிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை டைரக்டரிடம் போனார்.

"மேடம், யோசிச்சுப் பாத்தேன். பை மாறியிருக்கலாம். நான்தான் மாத்தியிருப்பேன்."

டைரக்டர் பெருமூச்சு விட்டார். நியாயமாகப் பார்த்தால் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பையை மாற்றிப் போட்டுவிட்டால் கணக்கு அழகாக நேராகிவிடும். போதாததற்கு, கீழ் வீட்டுக்கு ஐயாயிரத்து நானூற்றைம்பது வயசு என்றால் அந்த ஏரிக்கரையிலேயே மூத்த வீடு இவருடையதுதான்.

"விடுங்கண்ணே. யாருக்கும் நடக்கறதுதான். லேப் எடுத்தது போக மீதி எலும்பு ஸ்டோர்ல இருக்கு. நீங்களே புது லேபிள் எழுதி வச்சிடுங்க. திங்கக்கிழமை அறிக்கையில சேத்துடறேன்."

யாருக்கும் நடப்பதுதான் என்று ஆறுதலாகச் சொன்னாலும் அது குழியண்ணன் காதில் தீர்ப்பாகவே விழுந்தது.

எலும்பு ஸ்டோர் என்பது ஜன்னல் இல்லாத நீள அறை. இரும்பு அலமாரிகளில் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். மூலையில் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். குழியண்ணன் இரண்டு பெட்டிகளை இறக்கினார், மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றினார், மேல் வீட்டு எலும்பைக் கையில் எடுத்தார்.

எலும்பு வழவழவென்று இருந்தது. லேசாக ஒரு மினுமினுப்பு வேறு. என்னடா இது, கல்லா எலும்பா என்று கை தானாக அதை வாய்க்குக் கொண்டுபோனது.

இது தோண்டுகிற கூட்டத்தின் பழக்கம், வெளியே யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. மண்ணுக்குள் கிடந்த எலும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். நாக்கில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அப்பிக்கொள்ளும். கல்லாக இருந்தால் ஒட்டாது. சந்தேகம் வந்தால் துடைத்துவிட்டு ஒரு நக்கு, அவ்வளவுதான் பரிசோதனை.

நாக்கில் வைத்தார். ஒட்டவில்லை.

திருப்பி வைத்தார். வழுக்கிக்கொண்டு போனது. கல்லாக இருக்க முடியாது; உடைந்த ஓரத்தில் எலும்பின் உள்சல்லடை நன்றாகத் தெரிந்தது. கீழ் வீட்டு எலும்பை எடுத்து நாக்கில் வைத்தார். கையை எடுத்தபின்னும் அது விழாமல் அப்படியே தொங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தானா கதவு திறக்க வேண்டும்? வந்தவள் பசையக்கா. உடைகிற பொருள்களை ஒட்டி, உதிர்கிறதை உறுதியாக்குவது அவள் வேலை. அவளைவிடப் பத்து வயசு மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணே, பசின்னா சொல்லுங்க. பிஸ்கெட் இருக்கு."

குழியண்ணன் நாக்கிலிருந்து எலும்பைப் பிடுங்கினார். "இது ஒட்டுது. அது ஒட்டல. ஏன்?"

பசையக்கா ஒட்டாத எலும்பை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்து, நகத்தால் சுரண்டினாள். மெல்லிசாக, கண்ணாடித்தாள் மாதிரி ஒன்று உரிந்து வந்தது.

"இது என் பசைண்ணே. பசை பூசினா துளையெல்லாம் அடைஞ்சுபோகும், அப்புறம் எங்க நாக்குல ஒட்டும்?" சொல்லிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். "இதையா வயசு பாக்க அனுப்பினீங்க?"

"டைரக்டர் அனுப்பினாங்க. நீ லீவுல இருந்த."

"ஐயோ, பசை பெட்ரோல்ல இருந்து வர்ற சாமான்."

அவள் விளக்கவே தேவையில்லை, அவருக்குச் சுரீர் என்று உறைத்தது. உயிரோடு இருக்கும்வரை உடம்பில் சேரும் ஒருவகைக் கார்பன், செத்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகும். மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துதான் வயசு சொல்கிறார்கள். பெட்ரோலில் அது எப்போதோ தீர்ந்துபோய்விட்டது. பாலில் தண்ணீர் கலந்த கதைதான்: எலும்பில் பசை கலந்தால் மிச்சம் குறைவாகத் தெரியும், வயசு கூடுதலாக வரும்.

பசையக்கா தன் பதிவேட்டை எடுத்துவந்தாள். அவள் எழுதுகிற பதிவேட்டைப் பற்றித் தளத்தில் எல்லாரும் கிண்டல் செய்வார்கள். பசை பூசினேன் என்று ஒரு வரியில் முடிக்காமல் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுவரை எழுதுவாள். அந்த மழை நாளின் பக்கம் கிடைத்தது. மேல் வீட்டுத் தரை, மாட்டின் கால் எலும்பு, ஈரத்தில் உதிர்கிறது, மண்ணில் இருக்கும்போதே இரண்டு தடவை பசை பூசப்பட்டது, குடை பிடித்தவர் டைரக்டர்.

குழியண்ணன் அந்த வரியை மூன்று தடவை படித்தார். மேல் வீட்டு எலும்புக்குப் பசை பூசியிருக்கிறது. பசை பூசிய எலும்பு மேல் வீட்டுப் பையில் இருக்கிறது. அப்படியானால் பை மாறவில்லை, லேபிளும் மாறவில்லை. மார்க்கருக்கு மூடியைப் போட்டுவிட்டு அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

டைரக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் பதிவேட்டைப் படித்தார், எலும்பைப் பார்த்தார், மறுபடி பதிவேட்டைப் படித்தார்.

"இருக்கறதுலயே நல்லா உறுதியா இருக்கேன்னுதான் இதை எடுத்தேன்" என்றார். "உறுதியா இருந்ததே பசையாலதானா? நானேதான் குடை பிடிச்சிருக்கேன். எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு பாருங்க."

குழியண்ணன் அவரை வாய் பிளந்து பார்த்தார். முப்பத்தெட்டு வயசு, ஊரெல்லாம் மெச்சுகிற மூளை. மறந்துபோச்சு என்பதை, வெளியே வெயில் அடிக்கிறது என்பதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாரே!

"மன்னிச்சுக்கோங்கண்ணே. உங்க தலையில கட்டப் பாத்தேன்."

"நானும் தலையக் குனிஞ்சு காட்டினேனே மேடம்."

பசையைக் கரைத்துக் கழுவிவிட்டு மறுபடி அளக்கும்படி கடிதம் எழுதி மீதி எலும்பை அனுப்பினார்கள். ஆறு வாரம் ஆகும் என்றார்கள். குழியண்ணனுக்குப் பாதி உயிர்தான் திரும்பியிருந்தது. மீதி உயிர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. கழுவியபின்னும் அதே வயசு வந்தால்? அப்போது பசையும் இல்லாமல் வேறு என்ன காரணம் என்று தேடுவார்கள், சுற்றிச் சுற்றி அவர் தலைக்கே வந்து சேரும். வீட்டில் கடைகள் தொடர்ந்து மூடியே இருந்தன.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம், குழிக்குள் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தவரை டைரக்டர் மேலேயிருந்து கூப்பிட்டார். எப்போதும் தாழ்ந்த குரலில் பேசுகிறவர், அன்று ஏரிக்கு அக்கரைவரை கேட்கக் கத்தினார்.

"நாலாயிரத்து அறுநூத்திப் பத்து!"

மேல் வீடு கீழ் வீட்டைவிட இருநூற்றுத் தொண்ணூறு வருஷம் இளையது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. டைரக்டருக்கு மூத்த வீடு கைவிட்டுப் போய்விட்டது; ஆனாலும் எல்லாருக்கும் டீ சொன்னார். குழியண்ணன் குழியிலிருந்து ஏறிவரக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கை முழுக்க மண்ணாக இருந்ததால் அது சுலபமாக இல்லை.

சாயங்காலம் இரண்டு நிறுத்தம் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கி, காரணமே இல்லாமல் நடந்து வீட்டுக்குப் போனார். வழியில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். கதவைத் திறந்த மனைவி அவர் கையைப் பார்த்தார்.

"பாத்ரூம் பல்ப் எங்க? காலையில ரெண்டு தடவை சொன்னேனே."

"மறந்துட்டேன்" என்றார் குழியண்ணன்.

மனைவி அப்படியே நின்றார். "என்ன சொன்னீங்க?"

"மறந்துட்டேன். சுத்தமா ஞாபகமே இல்ல."

திட்டு விழும் என்று காத்திருந்தார். அதற்குக்கூட இன்று தயாராக இருந்தார். மனைவியோ செருப்பு வைக்கும் பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். குழியண்ணனுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பக்கத்தில் முட்டிபோட்டு, எலும்பு, பை, பசை, நாக்கு, அம்மா என்று இரண்டு மாசத்துக் கதையையும் முன்னும் பின்னுமாகக் கொட்டித் தீர்த்தார்.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "உங்க அம்மாவை, அப்ப வேலைக்குப் போகாம, நான்தான் பகல் முழுக்கப் பாத்துக்கிட்டேன். நீங்க வேலைக்குப் போயிடுவீங்க, உங்களுக்குத் தெரியாது. ஆரம்பத்துல அவங்க ஒரு நாளும் மறந்துட்டேன்னு சொன்னதே இல்ல. கடை மூடியிருந்துச்சும்பாங்க. போன் லைன் கிடைக்கலைம்பாங்க. ரெண்டு மாசமா நீங்க வாயத் திறந்தாலே எனக்கு அவங்க குரல்தான் கேட்டுச்சு."

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே பயத்தைத் தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள். குழியண்ணனுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"நாக்குல ஒட்டினதையெல்லாம் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் மனைவி, மருந்துக்கடைக்காரத் தோரணையில். "எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

நேற்றுச் சொல்லியிருந்தால் வீடே ரெண்டாகியிருக்கும்.

"காட்டிடலாம்" என்றார் அவர். "என்னைக்குன்னு நீயே ஞாபகம் வச்சுக்கோ. நான் மறந்துடுவேன்."