ராமாத்தாளின் பதினோரு முழத் துண்டு

“இது துண்டாடி, தேர் வடமாடி? பதினோரு முழம் போயிருக்குது! கரை எங்கடி?”

“கத்தாதீங்க. மறந்துட்டேன்.”

“நேத்து உப்ப மறந்த. முந்தாநேத்து அடுப்புல பால மறந்த. நாளைக்கு என்னையும் மறந்துட்டு வேற எவனுக்காச்சும் சோறு போடுவியா?”

“போட்டா அவனாச்சும் கத்தாமத் திம்பான்.”

எடப்பாடியில் எங்கள் வீட்டுக்கும் சண்முகவேல் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் ஒட்டுக்கேட்கவில்லை, சுவர் அப்படி.

அந்த மனுசன் கத்தியதில் நியாயமும் இருந்தது, அதுதான் எரிச்சல். தறியில் நாலு முழத்துக்கு ஒருதரம் சிவப்பு நூல் ஓட்டும் நாடாவை மாற்றிப் போட்டுத் துண்டுக்குக் கரை அடிக்கவேண்டும், அவ்வளவுதான். முன்னெல்லாம் அவர் பொண்டாட்டி ராமாத்தாள் என்னோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே நெய்வாள், ஒரு கரை தப்பாது. அப்போதோ என் சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டே, “அக்கா, சல்லடை இருந்தாக் குடுங்க” என்று வந்து நின்றாள்.

இதை நாலு வீட்டில் சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. சிரிக்கத்தான் சொன்னேன். ஐந்தாவது வீட்டில் அது ‘ராமாத்தாளுக்குப் புத்தி பிசகிப்போச்சு’ என்று ஆகிவிட்டது. எழுபத்தெட்டாம் வருசம், அவள் மகள் சௌந்திரத்துக்குக் குமாரபாளையத்தில் ஒரு நல்ல இடம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

ராமாத்தாள் கொல்லைப்புறமாக வந்தாள். “ஏனக்கா, நான் பைத்தியமா?”

“பின்ன என்ன புள்ள இது?”

“ஆறு வருசமா ஒடம்புல ஒரு மூட்டு பாக்கியில்ல. காலைல வெரலு மடங்காது. இடுப்புல கடப்பாரை எறக்குனாப்பல இருக்குது.”

“டாக்டரு?”

“மாத்திரை குடுத்தாரு. திங்க மறந்துர்றேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“ஊடு நெறைய ஒரம்பரை சனம் வந்து உக்காந்துட்டா நம்ம கரண்டி எங்கன்னு நமக்கே தெரியுமாக்கா? அதாட்டந்தான். வலி உக்காந்துக்குது, மத்ததுக்கு எடமில்ல.”

“அந்த மனுசங்கிட்டச் சொல்லித் தொலையறது?”

“ஊருக்கே கேக்கறாப்பலக் கத்துவாரு. ஆத்தாளுக்கு வாதம்னா மகளுக்கும் வரும்னு மாப்பிள்ளை ஊட்டுல எந்திரிச்சுப் போயிருவாங்க.”

“பைத்தியம்னா மட்டும் இருப்பாங்களா?”

“அதான் நீங்க சொல்லிட்டீங்களே.”



மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அத்தை முத்தாயம்மாள் வந்தாள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் கைகூடும் முன் பக்கத்து வீட்டில்தான் விசாரிப்பார்கள். என் காப்பியை வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டாள்: “பொண்ணோட அம்மாவுக்குக் கொஞ்சம் நெதானம் தப்புதாமே?”

நான் கிளப்பிய கதை என் வாசலுக்கே வந்துவிட்டது. பைத்தியம் என்றாலும் கெட்டது, வாதம் என்றாலும் கெட்டது. பொய் சொல்லலாமென்றால் சுவருக்கு அந்தப்பக்கம் அவர் மறுபடியும் கரை எங்கே என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

“மூட்டு வலிங்க. ஆறு வருசமா. அந்த வலியில ஞாபகம் எங்கீங்க நிக்கும்? புத்தியெல்லாம் நல்ல புத்திதானுங்க.”

முத்தாயம்மாள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து போய்விட்டாள். சௌந்திரம் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

திரும்பி வந்தாள். “கண்ணாடிய வெச்சுட்டேன்.” எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி வந்தாள். “பை.” மூன்றாவது தரம் வந்து வாசலில் விழித்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்க தேடறீங்க?”

“கொடை.”

“கையில இருக்குதுங்களே.”

குடையைப் பார்த்தாள். கோபமாக உட்கார்ந்தாள். “நாலு வருசமா இந்தப் பாழாப்போன முழங்காலு! என்ற மருமக என்னைய லூசுங்கறா.”

“ஊட்டுக்காரருகிட்டச் சொன்னீங்களா?”

“எவங் கேக்கறான்?”

பிறகு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அன்று பொழுது சாயும்வரை சுவர் வழியாக இரண்டு பேர் குரலும் கேட்டது. எந்த எண்ணெய் கேட்கும் என்று ஒருத்தி கேட்பாள், மற்றவள் சொல்வாள். கொஞ்ச நேரத்தில் சொன்னவளே அதையே திரும்பக் கேட்பாள். கல்யாணப் பேச்சு கடைசியில்தான் வந்தது. அதையும் ஞாபகப்படுத்தியது சௌந்திரம்.

வைகாசியில் சௌந்திரம் கட்டிக்கொண்டு குமாரபாளையம் போனாள். விசயம் தெரிந்த சண்முகவேல், “இத மொதல்லயே சொன்னா என்ன கேடு?” என்று அதற்கும் கத்தினார். இப்போது தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு முழத்துக்கு ஒருதரம் “கரை!” என்று கத்துகிறாராம்.

நாங்கள் ஆத்தூருக்குக் குடிவந்துவிட்டோம். சல்லடை ராமாத்தாளிடமே நின்றுவிட்டது. இந்த வீட்டுச் சுவர் கருங்கல் சுவர். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, போங்கள்.