அந்தோனியாருக்குப் போன முதல் பாடு

மாசி மாதத்தில் தீவுப்பகுதியில், கரம்பொன் கடலில் றஞ்சனி கட்டிய சிறகுவலைக்குள் முதன்முதலாக அகப்பட்டது ஒரு கடற்கண்ணி, சண்டைக் காலத்தில் கடலில் போட்ட கண்ணிவெடி. நெல் அவிக்கும் அண்டாவின் பருமனில், கொம்புகளோடு, சிப்பியும் பாசியும் மூடிக் கிடந்தது. பக்கத்து வலைகளில் ஓரா மீனும் இறாலும் பட்டிருந்தன. மற்றப்படி அன்று கடலில் விசேஷம் ஒன்றுமில்லை.

சிறகுவலை என்பது இடுப்பளவு தண்ணீரில் கம்பு நட்டு நிரையாகக் கட்டுவது; கடல் வற்றும்போது மீன் தானாகப் போய் அதற்குள் அடைபடும். குடும்பத்துக்கு ஓர் இடம். ஒரு பருவம் கட்டாமல் விட்டால் மீனவர் சங்கம் அதை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். றஞ்சனியின் இடம் அவள் புருஷன் வின்சன்றினுடையது. வின்சன்ற் சண்டைக் காலத்தில் படகோடு கண்ணியில் போனவன். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அன்றிலிருந்து பருவம் தவறாமல் அவளே கம்பு நட்டாள். செவ்வாய் தவறாமல், தொலைந்ததைக் காட்டித் தருகிற அந்தோனியாரிடம் போய், அவனுடைய ஒரு சாமானையாவது காட்டித் தரும்படி கேட்டாள்.

கண்ணி அகற்றும் குழு வந்து சிவப்புக்கொடி நட்டது. பொறுப்பதிகாரி தெற்கே மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர், அதிகம் பேசாதவர். கம்பி வடம் போட்டு இழுத்தார்கள். வடம் அறுந்தது, கண்ணி அசையவில்லை. கிடக்கிற இடத்திலேயே வெடிக்க வைப்பது, இந்தப் பருவம் அங்கே வலை கட்டவே கூடாது என்று முடிவானது. அந்த இடத்துக்கு அடுத்த முறைக்காரன் மிரோஜன் கரையில் நின்றான்.

“வெடிச்சால் பிறகு அதிலை மீன் ஏன் வரப்போகுது? உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லையக்கா.”

“உனக்கு இல்லையெண்டால் பேசாமல் நில். என்ரை வலைக்குள்ளை வந்தது. முதல் பாடு அந்தோனியாருக்கு.”

அது அந்தக் கரையின் வழக்கம். பருவத்தில் வலைக்குள் முதலில் வருவது எதுவானாலும், வலைக்காரர் தம் கையால் எடுத்துக்கொண்டுபோய் அந்தோனியாரின் காலடியில் வைக்க வேண்டும். வேறு ஆள் தொடக்கூடாது. போன வருடம் மிரோஜன் தின்ன உதவாத ஒரு பேத்தை மீனை வைத்தான். அதற்கு முந்தின வருடம் யாரோ ஓர் ஒற்றைச் செருப்பை.

றஞ்சனி சீலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். குழுவினர் கத்தினார்கள். அவள் குனிந்து, கண்ணியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறினாள்.

“கனக்குதோ அக்கா?” பனை மறைவில் நின்று மிரோஜன் கேட்டான்.

“குடம் மாதிரித்தான். அரைக்குடம்.”

பங்குக் குரு கிறிஸ்தோப்பர் சுவாமி கோயில் வாசலை மறித்து நின்றார். “பிள்ளை, இதை நான் எப்பிடி ஏற்கிறது?”

“பேத்தையை ஏற்றனீங்கள் தானே, சுவாமி. ஆளைக் காட்டச் சொல்லி அந்தோனியாரைக் கேட்டனான். ஆளைக் கொண்டுபோனதின்ரை கூடப்பிறந்ததை அனுப்பியிருக்கிறார். எடுக்க ஏலாது எண்டு நான் சொல்லுறதோ?”

சுவாமி தூர நின்று தீர்த்தம் தெளித்தார். பிறகு இரண்டடி கிட்டப் போய் இன்னொருக்கால் தெளித்து, விலகி வழிவிட்டார். றஞ்சனி முற்றத்தில், கொடிமரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் அதை இறக்கினாள்.

அடுத்த வற்றிலேயே றஞ்சனியின் வலை நிறைந்தது. கண்ணியைக் கொண்டுபோகக் கோயிலுக்கு வந்த குழுவினர் நாலு பேர் சேர்ந்து தூக்கியும் அது அசையவில்லை. தன் பங்குக்குத் தூக்கிப் பார்த்த மிரோஜன் இடுப்புப் பிடித்து ஒரு கிழமை பாயில் கிடந்தான். பார்க்க வந்த சனத்தில் மண்கும்பான் பரிமளமும் இருந்தாள். விறகு பொறுக்கப்போன மகனை மிதிவெடியில் கொடுத்தவள். சும்மா கை வைத்தாள், கண்ணி அவள் கையோடு எழும்பியது. அதன் பிறகு இன்னும் இரண்டு மூன்று பேருக்கு எழும்பியது. யாருக்கு எழும்பும், யாருக்கு எழும்பாது என்பது பின்னேரத்துக்குள் ஊருக்கு விளங்கிவிட்டது.

பொறுப்பதிகாரி தன் ஆட்களை வாகனத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியே வந்து குனிந்தார். கண்ணி, நித்திரைப் பிள்ளை மாதிரி அவர் தோளுக்கு வந்தது. அவர் அதை ஏந்தியபடியே றஞ்சனியின் பக்கம் திரும்பினார்.

“அக்கா, இது எங்க வைக்கிற?”

“இருந்த இடத்திலையே வையுங்கோ, தம்பி. தேத்தண்ணி போடுறன்.”

அவர் யாரைக் கொடுத்தவர் என்று எவரும் கேட்கவில்லை. அடுத்த நாள் பகல் முழுக்க இருந்து உள்ளே கிடந்த வெடிமருந்தை அவரே கழற்றி எடுத்துக்கொண்டு போனார். மருந்து போயும் பாரம் மாறவில்லை. தூக்க முடிந்தவர்களுக்கு அரைக்குடம், மற்றவர்களுக்கு மலை.

கண்ணி இப்போதும் கோயில் முற்றத்தில், கொடிமரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முற்றம் கூட்டும்போது அதை அங்காலே நகர்த்த வேண்டும். றஞ்சனி வராத நாளில், வழியால் போகிற யாராவது வந்து தூக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். தீவில் அதற்கு ஆட்குறைவு இல்லை.