லோடர் கருப்பர்

அன்றைக்கு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் ஜன்னலுக்குப் போகத் தோன்றியது. ஜன்னலில் நின்று வெயிலில் கிடந்த தண்டவாளத்தைப் பார்த்தால் கோபம் வந்தது. தண்டவாளத்தின் மேல் யாராவது கோபப்படுவார்களா? நான் பட்டேன். சொர்ணவல்லி அக்காவுக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்று என் தம்பி உதயசூரியன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். அவனை நினைத்துத்தான் அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் கம்பெனியின் சைடிங், அதாவது சரக்கு ஏற்றும் கிளைத் தண்டவாளம், புதுக்கோட்டைக்கும் கீரனூருக்கும் நடுவில் இருக்கிறது. குவாரிகளிலிருந்து லாரியில் வரும் கருங்கல் ஜல்லியை இங்கே சரக்கு ரயிலில் ஏற்றுவார்கள். உதயன்தான் லோடர் ஓட்டுகிறான். பக்கெட்டில் அள்ளி வேகன் வேகனாகக் கொட்டுவான். கொட்டி முடித்ததும் கம்பெனியின் சொந்த எஞ்சின் மொத்த ரயிலையும் என் அறைக்கு முன்னால் இழுத்துப் போகும். அங்கே தண்டவாளத்துக்கு அடியில் எடைமேடை. வண்டி நிற்க வேண்டாம். ஆள் நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒரே சீராகப் போனால் போதும். ஒவ்வொரு வேகனும் மேடையைக் கடக்கக் கடக்க அதன் எடை என் திரையில் வந்து விழும். சரியாக இருந்தால் பச்சை, அளவுக்கு மேல் போனால் சிவப்பு.

சிவப்பு விழுந்தால் அந்த வேகனைக் கழற்றி, அதிக ஜல்லியை இறக்கி, மறுபடி மாட்டி, அன்றைய பொழுதே நாசம். போன இரண்டு ரயிலிலும் சிவப்பு விழுந்தது. இரண்டிலும் நடுவில் வரும் வேகன்களில்தான். மேனேஜர் சூர்யபிரகாஷ் அதற்குக் காரணமும் கண்டுபிடித்துவிட்டார். பாதி ரயில் ஏற்றும்போதுதான் லோடருக்கு டீ போகிறதாம். டீயும் போனுமாக இருந்துவிட்டு உதயன் பக்கெட் கணக்கைக் கோட்டை விடுகிறானாம்.

"இன்னைக்கும் செவப்பு விழுந்துச்சுன்னா வேற ஆள் பாத்துக்குவேன் மேடம். ஒங்க தம்பின்னுதான் இம்புட்டு நாள் பாத்தேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

வேலை போனால் உதயன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். அறந்தாங்கியில் ஒரு ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைத்திருக்கிறான். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே குவைத்தில் இருக்கிறார். என் மகள் இலக்கியா அப்பாவுக்குப் போனில்தான் முத்தம் கொடுக்கிறாள். அப்பா அம்மா போன பிறகு எனக்கு நேரில் மிச்சமிருப்பது இந்தத் தம்பி ஒருவன்தான். அவனையும் போனில் பார்க்க என்னால் முடியாது.

ஆனால் அவன் என்னோடு பேசியே ரொம்ப நாளாகிவிட்டது. இரண்டாவது ரயிலுக்குப் பிறகு என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் வாய்த்தகராறு வந்தது.

"என் பக்கெட்டு தப்பாதுக்கா. எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவுதான் போட்டேன்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

"அதுக்கு ஒடம்புக்கு முடியலையோ என்னமோ."

"இப்பத்தான ஆளு வந்து சோதனை வேகன ஓட்டிப் பாத்துட்டுச் சரின்னுட்டுப் போனாக. மெஷின் பொய் சொல்லாதுடா. பொய் சொல்றதெல்லாம் மனுசந்தான்."

பாதிச் சோற்றில் கையைக் கழுவினான். அதோடு சரி, என் வீட்டுப் பக்கமே வரவில்லை. கடையில் புரோட்டா தின்கிறான் என்று கேள்வி. நான் மட்டும் விடுவேனா? தினமும் அவனுக்கும் சேர்த்து ஒரு டப்பா கட்டி எடுத்து வந்து, சாயங்காலம் அதை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனேன். ரோஷத்தில் எங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

என்னை விட்டதும் அவன் கருப்பரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மாசியில் ஒருநாள் ஏற்றுமேட்டின் ஓரத்தில் லோடரின் முன்சக்கரம் வழுக்கியது. கவிழ்ந்திருந்தால் உதயன் இல்லை. ஒரு கல்லில் சக்கரம் தட்டி நின்றது. அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு போய், எடைமேடையைத் தாண்டி வளைவில் நிற்கும் வேப்பமரத்தடியில் நட்டு, சந்தனம் பூசி, கருப்பர் என்று கும்பிட ஆரம்பித்தான். லோடிங் ஆட்கள் அவருக்கு லோடர் கருப்பர் என்று பேர் வைத்தார்கள். சிவப்பு விழுந்த முதல் ரயிலுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், இந்த வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கிளையில் ஒரு மணி கட்டி, எஞ்சினில் போகிறவர்கள் எட்டிப் பிடித்து அடிக்கத் தோதாகக் கயிறும் தொங்கவிட்டான். இரண்டாவது ரயிலிலும் சிவப்பு விழுந்ததும் அதைவிடப் பெரிய மணி வாங்கி மாட்டினான். எஞ்சினில் போகிறவர்கள் எட்டிப் பிடித்து அடிக்கத் தோதாகக் கயிறும் தொங்கவிட்டான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அங்கிட்டு நான் போனதே இல்லை. என் ஜன்னலிலிருந்து வளைவு தெரியவும் தெரியாது.

மத்தியானம் எஞ்சின் சத்தம் கேட்டது. சூர்யபிரகாஷ் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அறை மொத்தமும் அதிர எஞ்சின் கடந்தது. முதல் வேகன் பச்சை. அடுத்ததும் பச்சை. பத்துப் பதினைந்து பச்சை விழுந்தபோது எனக்கு மூச்சு வந்தது. என்னையறியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வளைவிலிருந்து மணிச் சத்தம் வந்தது.

திரையில் எடை ஏறியது. சிவப்பு. அடுத்த வேகன் அளவுக்கு ரொம்பக் குறைவு. அதற்கடுத்தது மறுபடி சிவப்பு. மணிச் சத்தம் நின்ற கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி பச்சையாகி, கடைசி வேகன் வரை பச்சையாகவே போனது.

"பாத்தீங்களா மேடம்?" என்று சூர்யபிரகாஷ் போனை எடுத்தார்.

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடைக்குப் பக்கத்தில் வேகமும் விழும். மணி அடித்த இடத்தில் வேகம் பாதியாகக் குறைந்து, பிறகு ஏறியிருந்தது. வேகம் அளவுக்கு மேல் போனால்தான் மெஷின் எச்சரிக்கும். குறைந்தால் ஒன்றும் சொல்லாது. மெதுவாகப் போவது நல்லதுதானே என்று நானும் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. எஞ்சின் திடீரென்று அடக்கினால் பின்னால் வரும் வேகன்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டும். ஆலங்குடி பஸ்ஸில் பிரேக் போட்டால் நிற்கிற கூட்டம் மொத்தமும் முன்னால் இருப்பவர் தலையில் சாய்கிற மாதிரி, அந்த நேரம் மேடையில் இருக்கும் வேகனுக்குப் பக்கத்து வேகனின் பாரமும் சேர்ந்துகொள்ளும்; அடுத்ததற்கு அந்த அளவு குறைந்துபோகும். சோதனை வேகனை ஓட்டியவர்கள் வளைவு வரைக்கும் போகவே இல்லை.

எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"சார், போன வைங்க. இன்னொரு தடவை எடை போடணும்."

"எதுக்கு? உங்க மெஷின் தப்புன்னு சொல்றீங்களா?"

"மெஷினும் தப்பில்ல, என் தம்பியும் தப்பில்ல. ரயிலத் திருப்பித் தள்ளச் சொல்லுங்க. அப்பவும் செவப்பு விழுந்தா அவனோட சேத்து என்னையும் அனுப்பிருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வாயைப் பற்றி அவருக்கும் தெரியும். வாக்கி டாக்கியை எடுத்து ரயிலைப் பின்னால் கொண்டுவரச் சொன்னார்.

நான் வெயிலில் ஓடினேன். எஞ்சின் ஓட்டுகிற அருள்தாஸ் அண்ணன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் சிலுவை போட்டிருப்பார்.

"அண்ணே, இந்தத் தடவை வளைவுல வேகத்தக் கொறைக்காமப் போங்க."

"அதெப்படி ஆத்தா? மணிக்கயித்தப் புடிக்கணுமே. வேகமாப் போனா ஹெல்பர் கைய இழுத்துட்டுப் போயிரும்."

"அடிக்காமப் போங்களேன்."

"நான் வேதக்காரந்தான். இருந்தாலும் அவரு கருப்பரு. உன் தம்பி அம்புட்டுச் சொல்லி வச்சிருக்கான். சும்மா தாண்டிப் போக எனக்கு மனசு வராது."

"நான் அங்க நின்னு அடிக்கிறேன். நீங்க சீராப் போங்க. ஏதாச்சும் கோவம்னா என் மேல வரட்டும்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ அடிச்சாச் சரி" என்றார்.

வேப்பமரத்தடிக்கு முதல் தடவையாகப் போனேன். கல் சின்னதுதான். சந்தனத்துக்கு மேலே ஒரு செம்பருத்தி வைத்திருந்தான். கயிற்றை இந்தப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் வந்தது. அடித்தேன். அருள்தாஸ் அண்ணன் ஒரு கையால் கும்பிட்டபடி, வேகம் மாறாமல் என்னைக் கடந்து போனார். அவருக்குப் பின்னால் வேகன்கள் வந்தன. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று ஒரு பயம். நம்பிக்கையில்லாதவளுக்கு வரக்கூடாத பயம். நிறுத்தாமல் அடித்தேன். அங்கே திரையில் என்ன விழுகிறது என்று இங்கே எனக்குத் தெரியாது. தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. கடவுளே, கருப்பரே, யாராக இருந்தாலும் அவனை என்னிடமே விட்டுவிடு என்று வாய்விட்டுச் சொன்னேன். ரயில் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை.

கடைசி வேகன் போனதும் பார்த்தால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உதயன் நின்றுகொண்டிருந்தான். லோடரை விட்டு ஓடி வந்திருக்கிறான். நான் மணி அடிப்பதைக் கண்டு வாய் பிளந்து நின்றான்.

அறைப் பக்கமிருந்து சூர்யபிரகாஷ் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். "ஃபுல்லா பச்சை மேடம். ஒரு பெட்டி கூட கூடல." பிறகு உதயனைப் பார்த்து, "நீ வேலையப் பாருப்பா" என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

உதயனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டான். "காப்பாத்திட்டாருக்கா. நீ வந்து அடிச்சதும் மனசு எறங்கிட்டாரு. அடுத்த ரயிலுக்கு வண்டிய இங்கனயே நிப்பாட்டி, கெடா வெட்டி…"

"நிப்பாட்டுனா உன் வேலை போயிரும்டா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, வேகம், முட்டல், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது.

"அவரு மேலயா பழியப் போடுற?"

"அவரு மேல இல்லடா. கயித்து மேல."

அவன் ஜல்லி மேட்டில் உட்கார்ந்துவிட்டான். வேலையைக் காப்பாற்றச் சொல்லிக் கட்டிய மணிதான் வேலைக்கு உலை வைத்திருக்கிறது. பெரிய மணி வாங்கப் பெரிய சிவப்பு விழுந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"நீ பக்கெட்டு தப்பாதுன்னு சொன்னப்ப நான் நம்பியிருக்கணும்" என்றேன்.

அவன் சட்டென்று எழுந்தான். கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மரத்தில் ஏறினான். நான் அறைக்குத் திரும்பினேன். மறுபடியும் உட்கார முடியவில்லை. வேலை தப்பியது. ஆனால் ஏஜெண்டுக்குப் போன் போடுகிற ரோஷம் அவனுக்கு இன்னும் இருக்கிறதே என்று கதவைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உதயன் வந்தான். கையில் அந்தப் பெரிய மணி. திரைக்குப் பக்கத்தில் என் மேசையில் வைத்தான்.

"சாமிய எடம் மாத்தக் கூடாது. ஒன் மெஷினயும் மாத்த முடியாது. அருள்தாஸ் அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன், ஹாரன் மட்டும் அடிச்சுட்டு நேரா போவாரு. கடைசிப் பெட்டி மேடையத் தாண்டுனதும் நீ இங்கேர்ந்து மணி அடி. அவருக்குக் கேக்கும்."

"நானா?"

"நீதான். நீ அடிச்சப்பத்தான பச்சை விழுந்துச்சு."

வேகம் மாறாததால்தான் பச்சை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தான்.

"டப்பா எங்கக்கா?"