நோ வொரீஸ் சார்

வாக்கிடாக்கி கைக்கு வந்த நாளிலிருந்து சைமன்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வாரி வாரி இடுப்பு விட்டுப்போனவனுக்கு, கன்வேயர் பெல்ட் ஓரம் நின்று பேசுகிற வேலை கிடைத்தது பெரிய விஷயம்தான். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் ரெஜினா அதற்காக மாதாவுக்கு மெழுகுவத்தி கூட ஏற்றினாள். ஆனால் மறுமுனையில் பேசுகிறவர், புது பெல்ட்டை ஓட்டிக் காட்ட வந்திருக்கும் வெள்ளைக்கார இன்ஜினியர். பாதி வார்த்தையை வாயிலேயே மென்றுவிடுகிற மனுஷன்.

அவர் மாதிரியே பேசிப் பழகு, இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசர் மணிமாறன் சொல்லிவிட்டார். அதனால் ஷிப்ட் பஸ்ஸில் போனைக் காதில் வைத்து, வெள்ளைக்காரர்கள் வீட்டிலும் கடையிலும் பேசுகிற சாதாரணப் பேச்சைச் சொல்லித்தரும் வீடியோக்களாகக் கேட்டுத் தள்ளினான். நோ வொரீஸ். ஆல் குட். ஷ்யூர் திங். யூ காட் இட். ரெஜினா உப்பு எடுக்கச் சொன்னால்கூட 'யூ காட் இட்' என்பான்.

"தொர வூட்டுல பொறந்தவரே, சோத்தத் துன்னுட்டுக் கெளம்புங்க" என்பாள் அவள்.

பொறுக்கி எடுத்து மனப்பாடம் பண்ணியதெல்லாம் தலையாட்டுகிற பேச்சு. புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்பதற்கு அவன் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. காண்ட்ராக்ட் கூலியாகவே நரைத்துப்போனவனுக்கு, ஆபீசரிடம் அப்படிச் சொல்லலாம் என்றே தோன்றியதில்லை.

அன்று காலை பெல்ட் நின்றிருந்தது. அடியில் ரோலர்களுக்கு நடுவே கொட்டிக் கிடந்த ஈர நிலக்கரியை வாரித் தள்ள, கூட வேலைசெய்யும் காடாம்புலியூர் தெய்வசிகாமணி குனிந்து நுழைந்தார். நுழையுமுன் தன் துண்டை எடுத்து சைமன்ராஜ் தோளில் போட்டார். காண்ட்ராக்ட் ஆட்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம் அது. உள்ளே போகிறவன் துண்டு, வாக்கிடாக்கிக்காரன் தோளில் இருக்கும். துண்டு திரும்பிப் போகிறவரை பெல்ட்டை ஓட்டச் சொல்லக்கூடாது.

கொஞ்ச நேரத்தில் வாக்கிடாக்கி கரகரத்தது. இன்ஜினியர் மூச்சுவிடாமல் ஏதோ சொன்னார். கடைசியில் குரல் மேலே ஏறி நின்றது. கேள்வி என்பது மட்டும் தெரிந்தது. மனசு யோசிக்குமுன் வாய் முந்திக்கொண்டது.

"யா சார். ஆல் குட். நோ வொரீஸ்."

அந்தப் பக்கம் திருப்தியாக ஒரு சிரிப்பு. அப்பாடா என்று கழுத்தைத் துடைத்தான். துண்டில் தெய்வசிகாமணியின் பீடி நாற்றம். கை அப்படியே நின்றுவிட்டது. எதற்குச் சரி சொன்னோம்?

சங்கு ஊதியது. பெல்ட் ஓடப்போகிறது என்று ஊதுகிற சங்கு.

கத்தினான், அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. பெல்ட் நெடுகிலும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு ஓடும், இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். அது நாலு எட்டு தள்ளி இருந்தது. இடுப்பு வலியோடு பாய்ந்து, இரண்டு கையாலும் பிடித்து, தன் முழுக் கனத்தையும் அதில் போட்டுத் தொங்கினான். பெல்ட் ஒரு குலுக்கு குலுக்கியது. நின்றது. சங்கும் நின்றது.

கீழேயிருந்து சத்தமே இல்லை. ஏசுவே, ஏசுவே என்று உதடு மட்டும் அசைந்தது.

பிறகு, கரி அப்பிய ஒரு கை வெளியே வந்தது. பின்னாலேயே தலை.

"என்னாடா சைமனு, நான் உள்ள கெடக்கறப்பவே ஊதுறானுவோ?" தெய்வசிகாமணி உடம்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாக்கிடாக்கியில் இன்ஜினியர் படபடவென்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏன் நின்றது என்றுதான் கேட்கிறார், அதற்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை. சைமன்ராஜ் வெளிறிப்போய் நடந்ததைச் சொல்ல, தெய்வசிகாமணி அக்கம்பக்கம் பார்த்தார்.

"தானா நின்னுபோச்சின்னு சொல்லிடு. பொழப்பு பூடும்டா உனக்கு."

சைமன்ராஜ் பட்டனை அழுத்தினான்.

"சார்... ஐ நோ அண்டர்ஸ்டாண்ட். ஐ சே ஓகே. மேன் இன்சைட் சார்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தான். ரெஜினாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

மறுபடி குரல் வந்தது. இந்தத் தரம் ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாக. ஆள் வெளியே வந்தாச்சா என்று கேட்டார். வார்த்தைக்கு வார்த்தை புரிந்தது.

எஸ் என்று ஒரு சொல் போதும். இந்தத் தரம் வாய் முந்திக்கொள்ளவில்லை.

"சொல்லேன்டா, எதிர்லதான நின்னுகினு இருக்கேன்" என்றார் தெய்வசிகாமணி.

சைமன்ராஜ் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டான். கையைத் தடவினான், விரல்களைப் பிடித்துப் பார்த்தான். குனிந்து பெல்ட்டுக்கு அடியிலும் எட்டிப் பார்த்தான். இன்ஜினியர் மறுபடியும் கேட்டார். அவன் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு தரம் குனிந்தான்.