குடிலில் பறந்த பைன் பூச்சி

டேராடூனுக்கு ஆபீஸ் வேலையாகப் போன ஆரோக்கியசாமி, திரும்பும்போது ஒரு கோணிப்பை நிறையப் பைன் காய் அள்ளிக்கொண்டு வந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் அந்த வருஷம் போட்ட கிறிஸ்துமஸ் குடில்களில் தன்னுடையதுதான் அசல் என்று அவருக்கு ஒரே பெருமை. மாடு, ஒட்டகம், மூன்று ராஜாக்கள், சுற்றிலும் பைன் காய் அடுக்கி ஒரு இமயமலை.

காய்களுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவை மெட்ராஸ் டிசம்பரைக் கோடை என்று நம்பிவிட்டன. ஒரு நாள் காலையில் குழந்தை இயேசுவின் மூக்கில் அந்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. அரிசி அளவு, சாம்பல் நிறம், பார்க்க ஒரு விசேஷமும் இல்லை. சாயங்காலத்துக்குள் ட்யூப்லைட்டைச் சுற்றி ஒரு கும்பல்.

பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் முறத்தோடு வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, ஒங்க சாமி கொட்டாயிலேர்ந்து வந்த பூச்சி என் அரிசி பூரா கீது. இன்னா சொல்றீங்கோ?"

டீச்சரம்மா என்றது ஆரோக்கியசாமியின் மனைவி ஞானகுமாரியை. அம்பத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். முறத்துப் பூச்சியையும் குடில் பூச்சியையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே அழுக்கு நிறம்.

"வேற வேற ஜாதின்னுதான் தோணுது. ஆனா ஆம்பளப் பூச்சியோட அடிப்பாகத்த அறுத்துப் பாத்தாதான் நிச்சயமா சொல்ல முடியும்."

"ஐயே!" என்றாள் ஜெகதாம்பாள். ஆனால் மறுநாள் ஞானகுமாரி கல்லூரி மைக்ராஸ்கோப்போடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது வாசலில் காத்திருந்தவள் அவள்தான்.

ஞானகுமாரி பூச்சிகளின் வால் பக்கத்தை நறுக்கி, மருந்தில் போட்டுச் சூடாக்கி, செதிலைத் துடைத்து, கண்ணாடித் தகட்டில் விரித்தாள்.

"குழந்தை இயேசு முன்னாடி பண்ற வேலையா இது, குமாரி?" என்று ஆரோக்கியசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"அவரு மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருங்க. இதெல்லாம் பாத்திருப்பாரு."

ஜெகதாம்பாள் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று. "இத்தப் பாத்துதான் ஜாதி கண்டுபுடிப்பியா? யம்மா! எங்க ஆளுங்க ஜாதகத்தோட உட்டாங்களே, புண்ணியவானுங்க."

குடில் பூச்சியின் ஆணுறுப்பில் அகலமான இரண்டு மடல்கள், நடுவில் இடுப்பு மாதிரி ஒரு ஒடுக்கம். புத்தகத்தில் இருந்த பைன் விதைப் பூச்சியின் படம் அச்சு அசலாக அதேதான். ஒரு காயை உடைத்தாள். விதைகள் வெறும் கூடு, உள்ளே புழு போட்ட தூள். முறத்துப் பூச்சியின் அமைப்போ வேறு. அது சாதாரண அரிசிப் பூச்சி.

"எங்க வீட்டுப் பூச்சி பட்டினி கெடந்தாலும் அரிசியத் தொடாது!" ஞானகுமாரிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "ஒங்க அரிசி எந்தக் கடையில வாங்கினது?"

"கடையா? போன வாரம் விருந்தாளி வந்தாங்கன்னு ஒங்க ட்ரம்முலேர்ந்துதான வாங்கினு போனேன், டீச்சரம்மா!"

ஆரோக்கியசாமி சமையலறைக்கு ஓடிப்போய் ட்ரம்மைத் திறந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் அவர் முகத்தில் மோதிக்கொண்டு பறந்தது. அவர் சிரித்த சிரிப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஞானகுமாரிக்குக் காது மடல் சிவந்தது. இருந்தாலும் அவள் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை.

"சிரிச்சது போதும். அதுல ஒரு ஆம்பளயப் புடிங்க. சரிபார்க்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் இரண்டு வீட்டு அரிசியும் வெயிலில் காய்ந்தது. காவலுக்கு உட்கார்ந்த ஜெகதாம்பாள், டீச்சரம்மா ஆம்பிளைகளை எப்படி அடையாளம் பார்க்கிறாள் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாள். பூச்சி என்ற வார்த்தையை மட்டும் பாதி நேரம் மறந்துவிட்டாள். பொங்கல் வரைக்கும் அந்த பிளாக் ஆண்கள் ஞானகுமாரியைப் படிக்கட்டில் பார்த்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள்.