மாமியார் கொண்டு வந்த கோழி

விடுமுறைக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே கயோண்டோ ஒரு தாளில் ஒன்பது விதிகளை அச்சடித்து வைத்துவிட்டான். கம்பாலாவில் அச்சகத்தில் வேலை பார்ப்பவனுக்கு அது ஒரு காரியமே இல்லை. கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்தான். ஐஸ் கூடாது. தோலுரிக்க முடிந்த பழம் தவிர வேறு பழம் கூடாது. சாப்பிடும் முன்னும் கழிவறைக்குப் போய் வந்த பின்னும் சோப்பு. ஐந்தாவது விதியைக் கறுப்பு மையில் தடிமனாகப் போட்டிருந்தான்: சமைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனதை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

போன வருடம் பட்டது போதும். நைல் நதி கிளம்பும் இடத்தைப் பார்க்க ஜின்ஜாவுக்குப் போனவர்கள், வயிற்றுப்போக்கில் விழுந்த மகள் டெண்டோவின் கையில் ஏறிய குளுக்கோஸையும் மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு சுவரையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்போது அவளுக்கு ஆறு வயது.

இந்த முறை ஏரி நடுவில் இருக்கும் புகாலா தீவு. நான்கு நாள். கடைசி நேரத்தில் மனைவி நஸாலி ஒரு வார்த்தை சொன்னாள்.

"அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போலாங்க. அப்பா போனதுலேருந்து வீட்டவிட்டு வெளிய வரவே இல்ல."

கயோண்டோவால் மறுக்க முடியவில்லை. மாமியார் நபுகாலு நல்ல மனுஷி. சிக்கல் மனுஷியில் இல்லை, அவர்கள் இனத்து முறையில் இருந்தது. மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் தொடக் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, ஒருவர் படுக்கும் அறைக்குள் மற்றவர் கால் வைக்கக் கூடாது. மீறினால் கை கால் நடுக்கம் வரும் என்பார்கள். அதை நம்புகிறாயா என்று கேட்டால் கயோண்டோ சிரிப்பான். ஆனால் கல்யாணமாகிப் பத்து வருடத்தில் ஒரு தடவைகூட மீறிப் பார்த்ததில்லை. அதனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடில் எடுத்தான். ஒன்று அவனுக்கும் நஸாலிக்கும், இன்னொன்று மாமியாருக்கும் பேத்திக்கும்.

படகு கிளம்புவது மதியம் இரண்டு மணிக்கு. இடம் கிடைக்க வேண்டும் என்று காலை ஒன்பதுக்கே போய் வரிசையில் உட்கார்ந்தார்கள். மாமியார் மடியில் மூடி போட்ட ஒரு கூடை இருந்தது. படகிலும் அதைக் கீழே வைக்கவில்லை. அவன் மேல்தட்டில் இடது பக்கம் உட்கார்ந்தான், அவள் வலது பக்கம் உட்கார்ந்தாள். ஏரி அன்று கொஞ்சம் புரண்டது. டெண்டோ இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, தீவில் இறங்கியதும் ஒரு வாழைப்பழத்தைத் தின்று அப்படியே தூங்கிப்போனாள். கயோண்டோ முதல் வேலையாக விதித் தாளைத் தன் குடில் சுவரில் ஒட்டினான்.

ஏழு மணிக்கு மாமியார் கூடையைத் திறந்தாள். நஸாலி கையில் இரண்டு வாழை இலைப் பொட்டலங்களைக் கொடுத்தனுப்பினாள். விடிவதற்கு முன்பே எழுந்து, தான் வளர்த்த சேவலை அறுத்து, நிலக்கடலைக் குழம்பில் போட்டு, வாட்டிய இலையில் கட்டி அவித்தது. மருமகனுக்குக் கோழி வைப்பது அவர்கள் பக்கம் சின்ன விஷயமில்லை. ஈரலோடு இரைப்பை வரைக்கும் அவனுக்கென்று தனியாக வைத்திருந்தாள். அவள் வயதுப் பெண்கள் பலரையும் போல அவள் கோழி சாப்பிடுவதில்லை. கொஞ்சம் மசித்த வாழைக்காயோடு தன் குடில் வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

நஸாலி குரலைத் தாழ்த்தினாள். "காலைல நாலு மணிக்கு வெந்தது. சமையக்கட்டுல குடுத்துக் கொதிக்க வெக்கச் சொல்லட்டுமா?"

"உங்கம்மா பாத்துக்கிட்டே உக்காந்திருக்காங்க. இலையப் பிரிச்சு வேற சட்டில கொட்டினா மனசு நோகாதா?"

"அப்போ உங்க அஞ்சாவது விதி?"

"அது கடைச் சாப்பாட்டுக்கு" என்றான் கயோண்டோ. ஒரு தொடையை எடுத்து அவள் தட்டில் வைத்தான். குழம்பில் லேசாக ஒரு புளிப்பு இருந்தது. தக்காளியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். எதிர்க் குடில் வாசலைப் பார்த்துத் தலை குனிந்து நன்றி சொன்னான். அவளும் தலை குனிந்தாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு நஸாலி எழுந்து ஓடினாள். ஐந்தே முக்காலுக்கு அவன் ஓடினான். அதன் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே கழிவறை என்பதுதான் உலகத்தில் இருந்த ஒரே பிரச்சினை. எட்டு மணிக்குப் படகு ஊதிவிட்டுக் கிளம்பிய சத்தம் கேட்டது. அடுத்த படகு மறுநாள்தான். அவன் கொண்டு வந்திருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டே இரண்டு. ஒரு குழந்தைக்கு என்று கணக்குப் போட்டு வாங்கியது. பத்து மணிக்குள் இரண்டும் தீர்ந்தன.

டெண்டோ கதவருகே வந்து நின்றாள். மூன்றடி தள்ளி வெளியில், அவள் 'ஜாஜா' என்று கூப்பிடும் பாட்டி நிற்பது நிழலில் தெரிந்தது.

"அப்பா, ஜாஜா கேக்குறாங்க. எத்தன தடவன்னு."

"எண்ணலன்னு சொல்லு."

"ஜாஜா! அப்பாவுக்கு எண்ணத் தெரியலையாம்!"

 பிறகு மாமியாரின் குரல் கேட்டது. பேத்தியிடம்தான் பேசினாள், ஆனால் யாருக்கும் கேட்கிற அளவுக்கு.

"டெண்டோ, நீ இனி இந்தக் குடிலுக்குள்ள போகக் கூடாது. கதவையும் தொடக் கூடாது. போய் சோப்புப் போட்டுக் கைய நல்லாத் தேச்சுக் கழுவு. செவுத்துல உங்கப்பா ஒட்டி வெச்சிருக்காரே ஒரு தாள், அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒண்ணு விடாமப் படி எனக்கு."

குழந்தை திறந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து ஒன்பது விதிகளையும் சத்தமாகப் படித்தாள். ஐந்தாவதைப் படித்தபோது மாமியார், "சரி, அடுத்தது" என்றாள்.

நபுகாலுவுக்கு வயிற்றுப்போக்கு புதிதில்லை. இளம் வயதில் தன் ஊர்ப்பக்கம் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கக் கற்றுக்கொடுத்தவள். குடில்களைப் பார்த்துக்கொள்ளும் ஒகெல்லோவைத் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னாள். குமிழி விட்டதும் அவன் இறக்கப் பார்த்தபோது, "தளதளன்னு கொதிக்கட்டும், அவசரப்படாதே" என்று தடுத்தாள். ஒரு லிட்டருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தாள். கண்ணீரை விட உப்பு கரிக்கக் கூடாது என்று ஒகெல்லோவிடம் சொன்னாள்.

நஸாலியை ஒரு போர்வையில் சுற்றித் தன் குடிலுக்குக் கூட்டிப்போனாள். டெண்டோவுக்கு வாசலில் பாய் போட்டாள். மருமகன் தனியாகக் கிடந்தான். கால் மணிக்கு ஒரு தடவை ஜன்னல் விளிம்பில் ஒரு கோப்பை வந்து உட்காரும். தூது போகக் குழந்தை இல்லாததால் அவளே பேச வேண்டியிருந்தது. முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"குடிச்சீங்களா, மாப்பிள்ளை?"

"குடிச்சேன், அத்தை."

குடித்தது உண்மை. குடித்ததெல்லாம் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது என்பதை அவன் சொல்லவில்லை. மாமியாரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

மூன்று மணிக்கு அவள் வந்தபோது முந்தைய கோப்பை தொடாமல் இருந்தது. கூப்பிட்டாள். பதில் இல்லை. ஒகெல்லோ மீன் வாங்கத் துறைக்குப் போயிருந்தான். குனிந்து ஜன்னல் வழியே பார்த்தாள். கழிவறை வாசலில் அவன் சுவரோடு சாய்ந்து கிடந்தான். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

கதவைத் திறந்தாள். நிலைப்படியிலேயே நின்றுகொண்டு இடுப்பில் கட்டியிருந்த நீளமான பட்டுக் கச்சையை அவிழ்த்து அதன் நுனியை அவன் பக்கம் வீசினாள்.

"புடிச்சுக்கங்க மாப்பிள்ளை. நான் இழுக்கறேன்."

அவன் பிடித்தான். அவள் இழுத்தாள். பாதி எழுந்தவன் முழங்கால் மடிந்து தரையை நோக்கிச் சாய்ந்தான். அதற்குப் பிறகு நபுகாலு யோசிக்கவில்லை. நாலு எட்டில் உள்ளே போய் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். உடையெல்லாம் நாசமாகியிருந்தது. ஒரு போர்வையை மேலே எறிந்துவிட்டு, அதற்கடியில் கையை விட்டு அழுக்குத் துணியை உருவினாள். முகம் முழுக்கக் கூரையைப் பார்த்தே இருந்தது. கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"கோப்பையால குடிக்க வேணாம். ஒரு கரண்டி. அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா இருங்க. அப்புறம் இன்னொரு கரண்டி."

பத்து கரண்டி தங்கியது. இருபதாவது கரண்டியில் அவனுக்குப் பேச்சு வந்தது. தன் கையைத் தூக்கிப் பார்த்தான். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அத்தை, நடுங்குது."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையையும் பார்த்துக்கொண்டாள். அடுத்த கரண்டியை நீட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "அந்தக் கோழிதானே?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சொல்லுங்க. டெண்டோ சாப்பிடல, நான் சாப்பிடல. நாங்க நல்லாத்தான் இருக்கோம். பதினஞ்சு மணி நேரம் மடில வெச்சு அடைகாத்துக்கிட்டு வந்திருக்கேன். வெய்யில்ல வேற. ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவ நான். நீங்க அவ்வளவு பெரிய தாள் அடிச்சு ஒட்டியிருக்கீங்களே, ஏன் வேணாம்னு சொல்லல?"

"நீங்க குடுத்தது, அத்தை."

"நான் குடுத்தா பாஷாணத்தையும் சாப்பிடுவீங்களா? சரி, நீங்க சாப்பிட்டீங்க. எம் பொண்ணுக்கு எதுக்குத் தொடைய எடுத்து வெச்சீங்க? வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவன் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. உடம்பில் இன்னும் அவ்வளவு நீர் மிச்சம் இருந்ததே அவனுக்கு வியப்பாக இருந்தது. அவள் திட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. கரண்டியை மட்டும் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான்கரைக்கு ஒகெல்லோ வந்தான். வாடகை மோட்டார் சைக்கிள்காரன் ஒருவனைக் கூப்பிட்டு, கயோண்டோவை நடுவில் உட்காரவைத்து, பின்னால் தான் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மேட்டில் இருந்த சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனான். அங்கிருந்த நர்ஸ் நாக்கைப் பார்த்தாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள், கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கேட்டாள். குளுக்கோஸ் ஏற்றினாள்.

பாட்டில் பாதி இறங்கியபோது அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "சிஸ்டர், இந்தக் கை நடுக்கம்..."

"ஏன்?"

"எங்க மாமியார் என்னத் தூக்கினாங்க."

நர்ஸ் ஊசியைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். அவளும் அவன் இனத்தவள்தான். "தூக்கினதாலதான் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கீங்க. இது தண்ணி வத்தின நடுக்கம். இந்தப் பாட்டில் தீர்றதுக்குள்ள நின்னுடும். நிக்கலன்னா உங்க குலப் பெரியவங்களப் போய்ப் பாருங்க, என்கிட்ட வராதீங்க."

நின்றுவிட்டது. ஏழு மணிக்குக் குடிலுக்குத் திரும்பியபோது படுக்கை விரிப்பு மாற்றியிருந்தது. தரை கழுவி, தாழ்ப்பாள் வரை துடைத்திருந்தது. மாமியார் தன் குடிலுக்குள் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் முழுக்கக் கேழ்வரகுக் கஞ்சியும் வாழைப்பழமும். டெண்டோவுக்கு எதுவும் வரவில்லை. மணிக்கு ஒரு தடவை பாட்டி கையைக் கழுவ வைத்ததில் விரலெல்லாம் சுருங்கிவிட்டது என்று அவள் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

மாலையில் நஸாலி மெல்ல நடந்து வந்து, கரையில் உட்கார்ந்திருந்த அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அம்மா மேல எனக்குக் கோவமில்ல" என்றாள். "அவங்க ஆசையாச் செஞ்சாங்க. உங்க மேலதான். சூடு பண்றேன்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டே."

"உங்களுக்கு மாமியார் மரியாதை. எனக்கு ராத்திரி போட்ட நைட்டியோட மூணு தடவ கழிவறை."

"தப்புதான்."

"சும்மா தப்புதான்னு சொல்லாதீங்க. அடுத்த தடவ எங்கம்மா இல்ல, ராஜாவே குடுத்தாலும் என் தட்டுல எடுத்து வெக்கக் கூடாது. என் தட்டு என்னோடது."

"சரி."

அவள் காலடியில் கிடந்த ஒரு கல்லை ஏரிக்குள் எறிந்தாள். "அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கல. உங்களத் தொட்டதச் சித்தி கிட்ட போன்ல சொல்லப்போறேன்னாங்க, அப்புறம் வேணாம்னு வெச்சுட்டாங்க. தீவுல நடந்தது தீவோட இருக்கட்டும்னு சொன்னாங்க."

"ஒகெல்லோவுக்குத் தெரியும். நர்சுக்குத் தெரியும்."

"டெண்டோவுக்கும் தெரியும். பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்புல சொல்லப் போறாளாம்." சொல்லிவிட்டு நஸாலி சிரித்தாள். சிரித்ததில் வயிறு வலித்து, கையால் அமுக்கிக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒகெல்லோ காலையில் பிடித்த மீனைப் பொரித்தான். எண்ணெயில் இன்னும் பொரிந்துகொண்டிருக்கும்போதே நஸாலி தட்டை நீட்டிவிட்டாள். முழு மீனையும் முள் மட்டும் மிஞ்சத் தின்றாள். கயோண்டோ சோற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தான். ஆனால் வாசனை விடவில்லை. வால் பக்கத்தில் ஒரு துண்டை எடுத்து ஆவி பறக்க வாயில் போட்டான். நெடுநேரம் மென்றான். விழுங்கிவிட்டு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான்.

மறுநாள் எட்டு மணிப் படகில் நான்கு பேரும் ஊர் திரும்பினார்கள்.