ஒருத்தராவது மிஞ்சணும்

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பாண்டிமீனாவும் அவள் கணவன் அழகுராஜாவும் ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். அவன் குழாயில் மருந்து செலுத்துவான், அவள் திரி வைப்பாள். பாண்டிமீனா கல்லூரியில் புள்ளியியல் படித்தவள். அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. மகள் பிறந்து, மறுபடி வேலைக்குப் போன அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சை எடுத்தாள்.

"நாம ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கக் கூடாது."

"ஏன், என் மூஞ்சி சலிச்சுப்போச்சா?"

"சிரிக்காதீக. வெடிச்சா ரெண்டு பேரும் சேந்துல்ல போவோம். பிள்ளைக்கு யாரு இருக்கா? வேற வேற கம்பெனின்னா, ரெண்டு எடத்துலயும் வெடிச்சு ரெண்டு பேரும் போறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி."

அவன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். "அப்ப, ஒருத்தர் போறதுக்கு?"

"அது கூடும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு."

"சரி விடு. பிள்ளைக்கு ஒரு ஆளாவது மிஞ்சும்ல" என்றான். மறுவாரமே விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனிக்கு மாறிக்கொண்டான். காலையில் ஆளுக்கொரு வேனில் ஏறினார்கள். இதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் காளிராஜும் அவன் மனைவி செல்வலட்சுமியும்கூடத் தனித்தனிக் கம்பெனிக்குப் பிரிந்தார்கள்.

தீபாவளி ஆர்டர் நெருக்கிய சமயம் அது. விஸ்வநத்தத்தில், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அதற்கு இரண்டு பங்கு ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். மத்தியானம் அந்த அறை வெடித்தது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது, கணுக்காலில் இருந்த பழைய தழும்பை வைத்துத்தான் பாண்டிமீனா புருஷனை அடையாளம் சொன்னாள்.

வீட்டிலிருந்து உடலை எடுத்துப் போன பிறகு, அழகுராஜாவின் அக்கா பேச்சியம்மாள் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"நீ இருக்குற ரூமு அங்கன அப்படியேதானட்டி இருக்கு? உங்கூடவே இருந்திருந்தா என் தம்பி உசுரோட இருப்பான். கணக்குப் போட்டுல்ல அனுப்பிட்ட!"

"எந்த ரூமு வெடிக்கும்னு முன்னாடியே யாருக்கு மதினி..."

பாண்டிமீனா பாதியில் நிறுத்திவிட்டு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கணக்கு தப்பாகியிருந்தால் அதையாவது திட்டியிருப்பாள். அது தப்பவில்லை. பிள்ளைக்கு ஒரு ஆள் மிஞ்சியிருந்தது.

காரியம் முடிந்ததும் காளிராஜும் செல்வலட்சுமியும் வந்தார்கள்.

"தங்கச்சி, மறுபடி ஒரே எடத்துக்குப் போயிருவமான்னு இவ கேக்கா. நீதான் சொல்லணும்."

வாசலில் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பாண்டிமீனா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தனித்தனியாவே இருங்க அண்ணே" என்றாள்.

"அப்ப எங்கள்ல ஒருத்தருக்கு...?" என்றாள் செல்வலட்சுமி.

"வரலாம்."

செல்வலட்சுமி காப்பியைத் தொடாமல் எழுந்து போனாள்.

மறுவாரம் பாண்டிமீனா ஃபோர்மேனிடம் போய், மருந்துப் பக்கமே போக வேண்டாத பெட்டி ஒட்டும் வேலை கேட்டாள். சீசனில் திரி வைக்கத்தான் ஆள் வேண்டும் என்றார். வேறு வழியில்லாமல் மறுநாள் காலை மகளைத் தூக்கிக்கொண்டு பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனாள். பேச்சியம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமலே பிள்ளையை வாங்கினாள்.

"நீயும் போயிட்டா இவளுக்கு யாருட்டி?"

"அதுக்கு எங்கிட்ட கணக்கு இல்ல மதினி."

தெரு முக்கில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. பாண்டிமீனா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.